கண்ணகியின் குழந்தைப் பருவம்: வன்னி மரபில் ஒரு முன்கதை

சிலப்பதிகாரம் கண்ணகியைப் பன்னிரண்டு வயது மணப்பெண்ணாகவே அறிமுகம் செய்கிறது. மாநாய்கன் மகள் என்பதற்கு மேல் அவளது இளமையை இளங்கோவடிகள் தொடவில்லை. முன்வினை பேசவேண்டிய கட்டுரை காதையிலும் மதுராபதித் தெய்வம் எடுத்துரைப்பது கோவலனின் முற்பிறப்பைத்தான். சிங்கபுரத்தில் பரதனாகப் பிறந்து, சங்கமன் என்ற வணிகனைக் கொலைக்கு ஆளாக்கியவன் அவன். காப்பியம் விட்டுவைத்த கண்ணகியின் குழந்தைப் பருவத்தைப் பாடியவர்கள் பின்வந்த ஈழத்துப் புலவர்கள்.

வன்னியில் சிலம்பு கூறல், யாழ்ப்பாணத்தில் கோவலனார் கதை, மட்டக்களப்பில் கண்ணகி வழக்குரை என ஒரே கதைமரபு மூன்று பெயர்களில் வழங்குகிறது. வழக்குரையை வித்துவான் வி. சீ. கந்தையா 1968இல் பதிப்பித்தார். இம்மரபில் கண்ணகி பாண்டியன் சோலையில் மாங்கனியாகத் தோன்றுகிறாள். கனி குழந்தையாகிறது. இவளால் மதுரைக்கு அழிவு என்று சோதிடர் சொல்ல, குழந்தையைப் பேழையில் வைத்து நீரில் விட்டுவிடுகிறார்கள். பேழை காவிரிப்பூம்பட்டினத்தை அடைகிறது. அதைக் காணும் இரு வணிகர், பேழை ஒருவருக்கு, உள்ளே இருப்பது மற்றவருக்கு என்று பேசி முடிக்கிறார்கள். பின்னாளில் அவர்களே சம்பந்திகளாகிறார்கள்.

இந்தச் சிறு கதை வழக்கின் பொருளையே மாற்றிவிடுகிறது. காப்பியத்தில் பாண்டியன் முன் நிற்பவள் அவன் முன்பின் அறியாத ஒரு வணிகப் பெண். வழக்குரையிலோ அவன் மண்ணில் தோன்றி, அவன் அரண்மனையே வேண்டாமென்று தள்ளிய பிள்ளை சிலம்போடு திரும்பி வந்து நிற்கிறாள். அரசன் செய்த பிழை ஒன்றல்ல, இரண்டு. மதுரை ஏன் எரியவேண்டும் என்ற கேள்விக்கு இது இன்னும் அழுத்தமான விடை. ஆனால் இழப்பும் உண்டு. அழிவு முன்பே விதிக்கப்பட்டது என்றானபின், அநீதி கண்டு அந்தக் கணத்தில் வெகுண்டெழுந்த ஒரு பெண்ணின் சொந்தக் கோபம் சற்று மங்குகிறது. கண்ணகியைப் பெண்ணாக நேசிப்பவர் இளங்கோவையும், தாயாக வணங்குபவர் வழக்குரையையும் நாடுவது இதனால்தான் என்பது என் துணிபு.

சிலம்புக்குங்கூட முன்கதை கிடைத்தது. அதன் பரலுக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலேறுகிறான்; வெடியரசன் என்ற மன்னனோடு கடலில் பொருதுகிறான். நெடுந்தீவில் வெடியரசன் கோட்டை என்று இன்றும் ஓர் இடிபாட்டைக் காட்டுவார்கள்.

நம் காலத்து அறிவியல் புனைவுத் தொலைக்காட்சியும் இதே வழியில்தான் நடக்கிறது. 1938இல் அச்சில் தோன்றிய சூப்பர்மேனுக்கு 1945இல் சிறுவர் பருவக் கதைகள் வந்தன; 2001 முதல் 2011 வரை ‘ஸ்மோல்வில்’ தொடர் அவனது பதின்பருவத்தை விரித்தது. அழியும் கிரகத்திலிருந்து கலமொன்றில் அனுப்பப்பட்டு, வளர்ப்புப் பெற்றோரிடம் சேரும் அக்குழந்தையும் பேழைக் குழந்தையே. ‘ஸ்டார் ட்ரெக்’ 1966இல் கப்டன் பைக்கை உடல் சிதைந்து சக்கர நாற்காலியில் முடங்கியவராகக் காட்டிவிட்டது. 2022இல் தொடங்கிய முன்கதைத் தொடரில் திடமாக நடமாடும் பைக்குக்குத் தன் விதி முன்பே தெரியும். முடிவு தெரிந்த கதையில் என்ன நடக்கும் என்ற ஆவல் இல்லை. தெரிந்தும் எப்படி நடந்துகொள்கிறார் என்பதே நாடகம். கண்ணகி மரபில் அந்த முன்னறிவு பாண்டியனிடம் இருக்கிறது. அவனோ குழந்தையைக் கைவிட்டு விதிக்கு வழிசெய்கிறான்.

வன்னியிலுள்ள வற்றாப்பளையில் கண்ணகியின் கதை மறுதிசையில் வளர்ந்தது. மதுரையை எரித்தபின் ஈழம் வந்து அம்மன் தங்கிய பத்தாவது இடம் இது என்பது ஐதீகம். நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவரிடம் அவள் மூதாட்டியாக வருகிறாள். விளக்கேற்ற எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை வார்க்கச் சொல்கிறாள். தலையில் பேன் பார்க்க உச்சியைப் பிரித்த சிறுவர் அங்கே ஆயிரம் கண்களைக் காண்கிறார்கள். வைகாசிப் பொங்கலுக்கு முன் கடல்நீர் எடுத்துவந்து முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் விளக்கெரிக்கும் வழக்கம் இக்கதையைச் சார்ந்தது. இளங்கோ கூறாத முதுமையை இவ்வூரும், கூறாத மழலையைப் பாடகரும் தந்தார்கள்.

மாங்கனிப் பிறப்பு சிங்கள மக்களின் பத்தினி வழிபாட்டுப் பாடல்களிலும் உண்டு. கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பெருநூலில் அவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தப் பாடல்களைப் புறத்தே வைத்துவிட்டு, தமிழ் ஏடுகளை மட்டும் கொண்டு இந்த முன்கதையின் வரலாற்றை எழுதிவிட முடியாது.