சனிக்கிழமை வரிசையும் பதுளை சுப்பையாவும்

போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, ஊவாவில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு முன்னால் நாங்கள் நான்கு பேர் இரண்டு மணித்தியாலம் நின்றோம். நண்பி ஒருத்தியின் அம்மாவுக்குத் துணையாகப் போனது. வரிசையில் நின்ற எல்லார் கையிலும் ஒரு பொலித்தீன் பை. ஒருவருக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் பிழை, ஒரு அக்காவுக்கு வராத ஈ.பி.எப். காசு. மடுல்சீமைப் பக்கமிருந்து வந்த ஐயா ஒருவருக்கு லயத்துக்குப் போகிற பாதை.

எங்களில் ஒருத்தன் அரசறிவியல் படிக்கிறான். சும்மா இருக்காமல், "சட்டம் போடுறதுதானே ஐயா எம்.பி.யோட வேலை, பாதை பிரதேச சபை வேலை இல்லையா?" என்று கேட்டுவிட்டான். ஐயா கோபப்படவில்லை. "அப்ப இத யாருகிட்ட தம்பி குடுக்கிறது?" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதும் அந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. பதில் தேடப் போனால் 1947க்குப் போக வேண்டியிருக்கிறது.

அந்த வருடம் நடந்த முதலாவது பாராளுமன்றத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை என்று இரண்டு பெயர் நமக்கு உடனே வரும். வேலுப்பிள்ளையை எழுத்தாளராகவாவது படித்திருப்போம். அந்த ஏழு பேரில் ஒருவர் பதுளையிலிருந்து போன எஸ். எம். சுப்பையா. உண்மையைச் சொன்னால், பதுளை மாவட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களில் இரண்டு பேருக்கு இந்தத் தேடலுக்கு முன்னால் அந்தப் பெயரே தெரியாது.

அவர் வென்ற விதத்தையும் கவனிக்கணும். பதுளை அப்போது இரு அங்கத்தவர் தொகுதி. கலப்பு இனங்கள் வாழ்கிற இடத்தில் சிறுபான்மையும் ஒருவரை அனுப்பட்டும் என்பதற்காகச் சோல்பரி அரசியலமைப்பு இப்படிச் சில தொகுதிகளை வைத்திருந்தது. ஏற்பாடு வேலை செய்தது. தோட்டத்து வாக்கில் ஒருவர் உள்ளே போனார். அடுத்த வருடமே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத்தையும் திருத்தி, பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை என்று முடித்தார்கள். சுப்பையா கதிரையில் இருக்கிறார், அவரை அனுப்பியவர்களின் பெயர்கள் இடாப்பிலிருந்து வெட்டுப்படுகின்றன. ஒரு மக்கள் பிரதிநிதிக்கு இதைவிட விசித்திரமான நிலைமை இருக்குமா தெரியவில்லை. ஏழு பேரும் எதிர்த்தார்கள், போதவில்லை. 1952 தேர்தலில் காங்கிரசிலிருந்து ஒருவர்கூடப் பாராளுமன்றம் போகவில்லை. அந்த வருடம் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் நடந்தது. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தின் கீழ் சுமார் 8 லட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. 1964 வரைக்கும் குடியுரிமை கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான். மிச்சப் பேரை ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் இரண்டு நாட்டுக்கும் பங்கு போட்டது எல்லாருக்கும் தெரிந்த கதை.

அதிகம் பேசப்படாதது, நடுவிலுள்ள அந்த வருடங்களில் ஒரு சாதாரணக் கிழமை எப்படி ஓடியது என்பதுதான். கூரை ஒழுகினால், துரை பேர் வெட்டினால், பிள்ளைக்குப் பத்திரம் வேண்டுமென்றால் ஆட்கள் போனது தோட்டத் தலைவரிடம். அவர் போனது சங்கத்தின் மாவட்டக் காரியாலயத்துக்கு. 1960களில் தொண்டமானே நியமன உறுப்பினராகத்தான் சபைக்குள் போனார். சந்தாத் துண்டு வாக்குச் சீட்டின் வேலையைச் செய்த காலம் அது. சங்கம் இல்லாவிட்டால் நம்ம ஆட்களுக்கு ஒரு வாசலும் இருந்திருக்காது. ஆனால் உரிமையாகக் கேட்கவேண்டியதைத் தலைவரின் தயவாகக் கேட்கிற பழக்கமும் அங்கேதான் ஊறியது என்று நாங்கள் நினைக்கிறோம். சங்கத்துக்காரர்கள் எங்களோடு சண்டைக்கு வரலாம், வரட்டும்.

இன்னொன்று. 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவுசெலவுத் திட்டம் வந்து, ஒவ்வொரு எம்.பி.க்கும் தன் தொகுதியில் செலவழிக்கப் பணம் ஒதுக்கினார்கள். பாதை, கிணறு, மதகு எல்லாம் எம்.பி. தருகிற பொருளாக மாறத் தொடங்கிய நேரம். அந்த நேரத்தில் பசறை, நமுனுகுலை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. வாக்கில்லாத லயத்துக்கு எந்த எம்.பி. மதகு கட்டுவார்?

1988இன் சட்டத்துக்குப் பிறகு வாக்கு திரும்பியது, 1989இல் மாவட்ட விகிதாசாரத் தேர்தலும் வந்தது. இனிப் பாதைக் கடிதத்தைப் பிரதேச சபைக்குக் கொடுக்கலாம்தானே? அங்கேதான் எங்கள் அரசறிவியல்காரன் மாட்டிக்கொண்டான். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டத்துக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்கத் தடையாக நின்றது. தோட்டத்து வாக்கில் சபைக்குப் போன உறுப்பினர் தன் சொந்த லயத்துப் பாதைக்கு ஒரு லோட் கல் போடமுடியாது. இதைத் திருத்தியது 2018இல்! நாங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தோம். அதே வருடம்தான் புதிய கிராமங்கள் அதிகாரசபைச் சட்டமும் வந்தது.

ஆகவே ஐயா சரியான வரிசையில்தான் நின்றிருக்கிறார். பாராளுமன்றம் வழக்கமாக மாதத்தில் இரண்டு கிழமைகள் கூடும். கொழும்புக்கு ரயிலில் போனால் ஒரு பகல் முடிந்துவிடும். மிச்ச நாட்களைச் செத்த வீடு, கோயில் திருவிழா, அபிவிருத்திக் குழுக் கூட்டம், இந்தப் பொலித்தீன் பைகள் தின்றுவிடுகின்றன. காணி உரிமையையும் சம்பள முறையையும் உட்கார்ந்து படித்து ஒரு சட்டமூலத்தைக் கிழித்துப் பார்க்க எந்த நாள் மிஞ்சும்? எம்.பி. மேல் பரிதாபப்படச் சொல்லவில்லை. வரிசை நீளமாக இருப்பது சிலருக்கு வசதியும்கூட.

யாருடைய பொறுப்பு என்று தெரியாத நிலைமையின் விலை என்ன என்பதை 2014 ஒக்டோபர் 29 காட்டியது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. கம்பனியா, பிரதேச செயலகமா, அமைச்சா என்ற கேள்வி மண்ணுக்கு மேலே ஓடிக்கொண்டே இருந்தது.

2015இலும் 2020இலும் வடிவேல் சுரேஷ், அரவிந்தகுமார் இருவரும் பதுளையிலிருந்து தெரிவானார்கள். 2024இல் கிட்ணன் செல்வராஜும் அம்பிகா சாமுவேலும். மலையகத்திலிருந்து பெண்கள் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போனது அந்த முறைதான். கட்சி பார்க்காமல் இவர்கள் ஹன்சார்ட்டில் என்ன பேசியிருக்கிறார்கள் என்று படிக்கத் தொடங்கியிருக்கிறோம். 1947–52 ஹன்சார்ட்டும் பட்டியலில் இருக்கிறது.

சுப்பையாவைப் பற்றி உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டிக்கு ஏதாவது ஞாபகம் இருந்தால் கேட்டு எழுதுங்கள். ஐயாவின் பாதைக் கடிதத்துக்கு அன்று ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். பிரதேச சபைக்கு இன்னொரு பிரதி எழுதிக் கொடுத்தோம், அதையும் அதே பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.