நாலு பூஜ்ஜியம்

போன ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துல ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் பக்கத்துல உட்கார்ந்துதான் இந்த எபிசோடுக்குக் குறிப்பு எடுத்தேன். பல்லவர் காலத்துக் கோயில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரங்க அதோட கூரைமேலேயே விளக்கு ஏத்திக் கப்பல்களுக்கு வழி காட்டினாங்க. பக்கத்துல இருக்கிற கலங்கரை விளக்கம் அதுக்கு அப்புறம் வந்தது. இந்தக் கரைக்கு இது புதுசும் இல்ல. பெரும்பாணாற்றுப்படையிலேயே நீர்ப்பெயற்று என்கிற துறையில எரியிற விளக்கு வருது. அது மாமல்லபுரம்தான்னு சிலர், பக்கத்துல இருக்கிற வசவசமுத்திரம்னு சிலர்.

கப்பல் எங்கிருந்து வேணா கிளம்பலாம். ஆனா போய்ச் சேர வேண்டிய துறை எங்க இருக்குன்னு முன்கூட்டியே தெரியணும். சாக்கெட்டும் அப்படித்தான்.

1983-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸை வெளியிட்டபோது, அதுல ஒரு சாக்கெட் பிறக்கும்போது முகவரியே இல்லாமத்தான் பிறக்கும். 'பைண்ட்'னு தனியா ஒரு அழைப்பு. அதுலதான் ஐபி முகவரியையும் போர்ட் எண்ணையும் அதோட சேர்த்துக் கட்டணும். எதுக்கு ரெண்டு வேலையா பிரிச்சாங்க? தேடிப்போற கிளையன்ட்டுக்குப் பொதுவா பைண்ட் தேவையே இல்ல. கெர்னலே ஏதாவது ஒரு காலி போர்ட்டைக் கொடுத்து அனுப்பிடும். காத்திருக்கிற சர்வருக்குத்தான் எல்லாருக்கும் தெரிஞ்ச எண் வேணும்.

அந்த எண்ணை யார் கொடுக்கிறது? 1972-லேயே ஜான் போஸ்டல்னு ஒரு ஆராய்ச்சி மாணவர், இதுக்கு ஒரு 'ராஜா' வேணும், அது நானே இருக்கட்டுமான்னு பாதி விளையாட்டா எழுதினார். கடைசியில அவரே பார்த்துக்கிட்டார். 1995 ஜூலையில் டாட்டு யூலோனென், பாஸ்வேர்டைத் திருட முடியாத ஒரு புரோகிராம் எழுதி, போஸ்டலோட ஆபீஸுக்கு ஒரு மெயில் போட்டார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவுல இருக்கிற 22 எனக்குக் கிடைக்குமா? மறுநாளே கிடைச்சிடுச்சு. அதுதான் எஸ்எஸ்எச். நம்ம ஊர்ல விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்ததே அதுக்கு அடுத்த மாசம், ஆகஸ்ட் 15-ல். ஒருத்தரை ஒருத்தர் நம்பின உலகம் அது. 1024-க்குக் கீழ இருக்கிற போர்ட்டை ரூட் மட்டும்தான் கட்ட முடியும் என்கிற பெர்க்லி வழக்கமும் அந்த நம்பிக்கையிலதான் நின்னது: மெஷினை வெச்சிருக்கிறவர் நல்லவர்.

இப்ப என் கதை. 2016 கடைசி, சிறுசேரியில ஒரு சின்ன கம்பெனி. கிளவுட்ல ஓடின எங்க மாங்கோடிபி 127.0.0.1-ல் கட்டியிருந்தது, அதாவது அந்த மெஷினுக்குள்ள இருக்கிறவங்க மட்டும்தான் பேச முடியும். பக்கத்து சீட் நண்பனால கனெக்ட் பண்ண முடியல. நான் அதை 0.0.0.0-ன்னு மாத்தினேன். மெஷினோட எல்லா முகவரியிலும் காத்திருன்னு அர்த்தம். உடனே வேலை செஞ்சது, டீ குடிக்கப் போயிட்டோம். பாஸ்வேர்டு? வைக்கவே இல்ல. விளக்கு கடற்கொள்ளைக்காரனுக்கும் தெரியும்ல.

பொங்கல் லீவு முடிஞ்சு வந்தா டேட்டாபேஸ் காலி. பிட்காயின் கேட்டு ஒரே ஒரு குறிப்பு. அந்த ஜனவரியில உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான மாங்கோடிபிகளுக்கு இதே கதி. எங்களோடதுல இருந்தது டெஸ்ட் டேட்டா மட்டும் இல்ல, நிஜ மனுஷங்களோட போன் நம்பர், வீட்டு விலாசம். பேக்கப் மூணு வாரம் பழசு. யாரு எதை எடுத்துட்டுப் போனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அதே வருஷக் கடைசியில வந்த மாங்கோடிபி 3.6, நாம மாத்தாத வரைக்கும் லோக்கல் முகவரியிலேயே கட்டிக்கும். எங்களுக்கு ஒரு வருஷம் லேட்.