லாஸ்கரின் பழைய பூட்டு: ஆனந்த் – டோபலோவ், 12-வது ஆட்டம்

2010 மே 11, சோஃபியா. உலக செஸ் பட்டத்துக்கான கடைசி ஆட்டம். 11 ஆட்டம் முடிந்து ஆனந்தும் டோபலோவும் ஆளுக்கு 5½ புள்ளி. இதுவும் டிரா என்றால் அடுத்து வேக ஆட்டங்கள். அதில் ஆனந்தின் கை எப்படின்னு டோபலோவுக்கு நல்லாவே தெரியும். ஆக, சொந்த நாட்டுத் தலைநகரில் வெள்ளைக்காய் வைத்திருந்தவருக்கு அன்றைக்கே ஜெயிக்க வேண்டிய நெருக்கடி.

ஆனந்த் முதல் ஆட்டத்தில் க்ருன்ஃபெல்ட் ஆடி 30 நகர்த்தலில் தோற்றிருந்தார். அன்று எடுத்ததோ லாஸ்கர் டிஃபென்ஸ். 1907-ல் மார்ஷலுக்கு எதிரான பட்டப் போட்டியில் லாஸ்கர் ஆடிய ஆட்டமுறை. 7-வது நகர்த்தலில் கறுப்புக் குதிரை ஈ4 கட்டத்தில் போய் உட்காரும். அடுத்த சில நகர்த்தல்களில் மந்திரிக்கு மந்திரி, குதிரைக்குக் குதிரை போய்விடும். நெரிசல் குறையும், தாக்க வருபவருக்குக் கையில் ஆளும் குறையும். எங்க திண்டுக்கல் பூட்டு மாதிரிதான்: பார்க்க அழகு கிடையாது, திறக்காம இருக்கிறதுதான் அதோட வேலை.

பலகையில் காய்களை வைத்து ஆடிப் பார்க்கிறவர்கள் ஆனந்தின் மிச்சமிருந்த மந்திரியை மட்டும் கவனியுங்க. பி7, ஏ6, டி3, மறுபடி ஏ6, மறுபடி பி7. 28-வது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை விரட்ட, ஏ8 மூலையில் போய் ஒடுங்குகிறது. செத்த காய் என்றே தோன்றும். ஆனால் அந்த மூலையிலிருந்து குறுக்குக்கோடு நேராகப் போவது ஜி2-வுக்கு. வெள்ளை ராஜா நிற்பதும் அங்கேதான்.

31-ல் டோபலோவ் எஃப்5-ல் இருந்த சிப்பாயை வெட்டினார். ஆனந்த் ஈ5 சிப்பாயை ஈ4-க்குத் தள்ளினார். அதையும் வெட்டினார் டோபலோவ். கோடு திறந்துவிட்டது, ராணி ஈ4-ல் இறங்கி செக். வெள்ளை ராஜா எச்3, பிறகு எச்4 என்று நடுத்தெருவுக்கு வந்துவிட்டார்.

லாஸ்கர் டிஃபென்ஸ்தான் ஜெயிக்க வைத்தது என்று நான் சொல்லமாட்டேன். அது கதவைச் சாத்தி வைத்தது, அவ்வளவுதான். பொறுமை இழந்து தன் ராஜா முன்னால் இருந்த கதவைத் திறந்தவர் டோபலோவ்.

45-ல் ஆனந்தின் யானை ஜி2-ல் செக் கொடுக்க, வெள்ளை ராணி அதை வெட்டியது. 17 நகர்த்தலாக ஏ8-ல் அசையாமல் கிடந்த மந்திரி ஒரே பாய்ச்சலில் வந்து அந்த ராணியை எடுத்தது. 56-வது நகர்த்தலோடு டோபலோவ் விட்டுக்கொடுத்தார். 6½–5½.