75 சென்ட் கணக்கும் ஏரி வாரியமும்

காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடத்தில் உள்ள நோக்கியா ஆலையில் 2008 முதல் செல்பேசிக் கோபுரங்களுக்கான கருவிகள் தயாராகின்றன. 2ஜி தொடங்கி 5ஜி வரை எல்லாத் தலைமுறைக் கருவிகளும் அங்கே உருவாகியிருக்கின்றன. பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்போன மாவட்டம், இன்று நெட்வொர்க் கருவிகளும் செய்கிற மாவட்டம். ஆனால் கருவியைச் செய்வது ஒரு தொழில், அதை இரவு பகலாக ஓடவைத்துக் காப்பது வேறு தொழில்.

நெட்வொர்க் அட்மின் என்று எல்லோரும் சொல்லும் அந்த இரண்டாவது வேலைக்குத்தான் கணினி படித்த பிள்ளைகள் பலர் ஆண்டுதோறும் விண்ணப்பிக்கிறார்கள். ரூட்டர், சுவிட்ச், ஐ.பி. முகவரி, சான்றிதழ்த் தேர்வு என்று எல்லாவற்றையும் உருப்போட்டுவிட்டு வருகிறார்கள். நாளின் பெரும்பகுதி கருவிகளோடு கழிவதில்லை, மனிதர்களோடும் பதிவேடுகளோடும்தான் கழிகிறது என்பது வேலையில் சேர்ந்த பிறகே தெரிகிறது. இந்த வேலை பிறந்த கதையைப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும்.

இந்தியாவில் இது தொடங்கியபோது இப்படி ஒரு பதவியே கிடையாது. 1986-இல் மத்திய அரசின் மின்னணுத் துறை, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் நிதியுதவியோடு எர்னெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், மும்பையின் என்.சி.எஸ்.டி. மென்பொருள் ஆய்வு மையம், மின்னணுத் துறை ஆக எட்டு இடங்கள் அதில் இணைந்தன. என்.சி.எஸ்.டி.யின் தலைவராக இருந்த சீனிவாசன் ரமணி இந்த முயற்சியின் முன்னோடிகளில் ஒருவர். 2014-இல் அவர் பெயர் இன்டர்நெட் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டது.

தொடக்க காலத்தில் மோடம் வழியாகத் தொலைபேசியில் கூப்பிட்டுத்தான் ஒரு கணினி இன்னொன்றைத் தொடும். மின்னஞ்சல் ஓரிடத்தில் தங்கிக் காத்திருந்து, அடுத்த இணைப்பு கிடைத்ததும் அடுத்த ஊருக்குப் போகும். வெளிநாட்டுக் கடிதங்களுக்கு மும்பைதான் வாசல். இதையெல்லாம் ஓட்டியவர்கள் ஆசிரியர்களும் பொறியாளர்களும் ஆய்வு மாணவர்களும். தொலைபேசித் தொடர்பு நடுவில் அறுந்தால் மறுபடி கூப்பிடுவது, தேங்கிய கடிதங்களைப் பார்ப்பது, எதிர்முனையில் இருப்பவரிடம் பேசிச் சரிசெய்வது என்று அவர்கள் கைப்பழக்கத்தில் கற்றார்கள்.

பிறகு எண்கள் வந்தன. எர்னெட்டில் இணைந்த நிறுவனங்களுக்கு 144.16 என்று தொடங்கும் முகவரிகள் பங்கிடப்பட்டன. எந்த எண் எந்தக் கணினிக்கு என்று யாராவது ஒருவர் எழுதிவைத்தே ஆக வேண்டும். ஒரே எண் இரண்டு கணினிகளுக்குப் போய்விட்டால் இரண்டுமே தடுமாறும். அமெரிக்காவிலும் முதல் நாள் தொட்டே இதுதான் வேலை. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் காலத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையில் கலிபோர்னியாவில் இருந்த ஒரு சிறு குழுதான் வலையில் உள்ள எல்லாக் கணினிகளின் பெயரையும் எண்ணையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தது. புதிதாக ஒரு கணினியைச் சேர்க்க வேண்டுமென்றால் அந்தக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். பட்டியல் தாங்க முடியாத அளவுக்குப் பெருகிய பிறகுதான், 1983-இல், பால் மொகபெட்ரிஸ் கணினிப் பெயருக்குரிய எண்ணைத் தேடித் தரும் டி.என்.எஸ். முறையை வகுத்தார். இணையத்தை இணைத்துவைத்த முதல் கருவி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால், ஒழுங்காக எழுதப்பட்ட அந்தப் பட்டியலைத்தான் சொல்ல வேண்டும்.

எழுதிவைப்பதன் மதிப்பை உலகுக்குக் காட்டிய கதை 1986-இல் நடந்தது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கிளிஃபர்டு ஸ்டோல் என்ற வானியலாளர், ஆராய்ச்சிக்கான பணம் தீர்ந்துபோனதால் கணினிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். கணினி நேரத்தைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் வாங்கும் காலம் அது. மாதக் கணக்கில் 75 சென்ட் இடித்தது. என்னவென்று பார் என்று புதியவரிடம் ஒப்படைத்தார்கள். முக்கால் டாலர்தானே என்று அவர் விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் விடவில்லை. யாரோ வெளியாள் உள்ளே நுழைந்து போகிறான் என்று தெரிந்தது. உள்ளே வரும் இணைப்புகளில் பிரிண்டர்களை மாட்டி, நுழைந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் காகிதத்தில் எடுத்தார். நாளும் நேரமும் குறித்துக் குறிப்பேடு எழுதினார். தடம் ஜெர்மனியின் ஹனோவரில் இருந்த மார்க்குஸ் ஹெஸ் என்பவரிடம் போய் முடிந்தது. அமெரிக்க ராணுவக் கணினிகளில் புகுந்து எடுத்த தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற கும்பலில் அவர் ஒருவர்.

இன்று லாக் என்று சொல்கிறோமே, அதைப் பொறுமையாகப் படிக்கும் பழக்கம்தான் அந்த வழக்கின் உயிர். புத்தகத்தில் இல்லாத பாடம் அது.

பொதுச் சொத்தான ஒரு வலைப்பின்னலைப் பொறுப்பாகக் காப்பது காஞ்சி மண்ணுக்குப் புதிதல்ல. தொண்டை மண்டலம் ஏரிகளின் நாடு. ஓர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். மேல் ஏரியில் மடை அடைபட்டால் கீழ் ஊர் வயல் காயும், கரை உடைந்தால் கீழ் ஊர் மூழ்கும். உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் இந்தப் பொறுப்பை யாரிடம் கொடுக்கலாம் என்று விதி வகுத்துள்ளன. ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு எடுக்கும் குடவோலை முறையில் தேர்வு. ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர். பதவிக்காலம் 360 நாள். வயது 35-க்கு மேல், 70-க்குள். நிலமும் கல்வியும் சார்ந்த தகுதிகள் அந்தக் காலச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வை அப்படியே காட்டுகின்றன. அதை மறைக்கத் தேவையில்லை.

ஆனால் ஒரு விதி இன்றைக்கும் உறைக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. அண்மையில், மூன்று ஆண்டுக்குள், பொறுப்பில் இருந்தவரும் மறுபடி வர முடியாது. மடையைத் திறக்கத் தெரிந்தால் போதாது. செய்ததைக் கணக்கில் காட்டி, அடுத்தவர் எடுத்து நடத்தும்படி ஒப்படைக்க வேண்டும். எல்லாக் கடவுச்சொல்லையும் தன் தலைக்குள் மட்டும் வைத்திருக்கும் அட்மினை அந்த ஊர்ச்சபை ஏற்றிருக்காது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 15-இல் அன்றைய அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது முதலில் கிடைத்த நகரங்களில் சென்னையும் ஒன்று. அரசு அலுவலகங்களுக்கோ அதற்கு முன்பே, 1980களின் இறுதியில், மத்திய அரசின் என்.ஐ.சி. தன் நிக்நெட் வலையமைப்பைச் செயற்கைக்கோள் வழியாக மாவட்டத் தலைநகரங்களுக்குக் கொண்டுபோயிருந்தது. 1997-இல் காஞ்சிபுரமும் அப்படியொரு மாவட்டத் தலைநகரானது. பின்னர் மாநில அரசு நிறுவனமான எல்காட்டின் பொறுப்பில் வந்த டி.என்.ஸ்வான் என்ற மாநில வலையமைப்பு, மாவட்டத்தைத் தாண்டித் தாலுகா அலுவலகங்களையும் ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களையும் இணைத்தது. 2018 பிப்ரவரியில் பத்திரப்பதிவும் இணையவழிக்கு வந்துவிட்டது. நல்ல நேரம் பார்த்துப் பத்திரம் பதிய வந்த குடும்பம், இணைப்பு இல்லை என்ற ஒரு சொல்லில் ராகு காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டிய நிலை அதோடு தொடங்கியது. அந்த நேரத்தில் அட்மின் முதலில் செய்ய வேண்டியது கருவியைத் தொடுவதல்ல, எவ்வளவு நேரமாகும் என்று அவர்களுக்கு உண்மையைச் சொல்வது.

பழுது தேடுவதும் அப்படித்தான், அவசரத்துக்கு ஒத்துவராத வேலை. பட்டுத் தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அந்த இழையின் முனையைத் தேடிப் பிடித்து, அதற்குரிய விழுதிலும் அச்சிலும் கோத்தால்தான் உண்டு. பக்கத்து விழுதில் கோத்தால் சேலை முழுக்கக் கோடு விழும். சுவிட்சில் ஒரு கேபிளைத் தவறான துளையில் செருகி, வலை முழுதும் சுற்றுவட்டத்தில் சிக்கித் திணறிய அலுவலகங்கள் ஏராளம்.

இயற்கையும் கூட்டமும் தரும் சோதனை வேறு வகை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையிலும் அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் பல பகுதிகளிலும் மின்சாரமும் செல்பேசியும் நாள்கணக்கில் இல்லாமல் போயின. 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது கடலடிக் கேபிளே சேதமடைந்ததாக ஏர்டெல் சொன்னது. 2019-இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதரைச் சேவிக்க ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் காஞ்சிக்கு வந்ததாகக் கணக்கு. ஒரு செல்பேசிக் கோபுரம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடிய அழைப்புகளுக்கு எல்லை உண்டு. கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்தவருக்கு அந்த ஓர் அழைப்புக் கிடைக்க வேண்டும். பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், டீசல் யார் கொண்டுவருவார், மாற்றுப் பாதை உண்மையிலேயே வேறு தெரு வழியாகப் போகிறதா அல்லது அதே பள்ளத்தில்தான் கிடக்கிறதா என்பவையெல்லாம் மழைக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டிய கேள்விகள்.

இவற்றில் எதுவும் சான்றிதழ்த் தேர்வில் வருவதில்லை. ஆனாலும் கற்றுக்கொடுக்க முடியாதவை அல்ல. காஞ்சியைச் சுற்றி எத்தனையோ பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்வகத்துக்காவது சொந்த வலையமைப்பு உண்டு. அதன் ஒரு பகுதியை ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர் குழுவிடம் ஓராண்டுக்கு ஒப்படைக்கலாம். முகவரிப் பதிவேடு, செய்த மாற்றங்களின் குறிப்பேடு, பேக்கப்பிலிருந்து உண்மையாகவே மீட்டெடுத்துப் பார்த்த தேதி ஆகிய மூன்றையும் ஆண்டு முடிவில் அடுத்த குழுவிடம் கையெழுத்திட்டுக் கொடுக்கச் சொல்லலாம். மதிப்பெண்ணையும் அதற்கே போடலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகங்களும், பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும்கூட, நேர்காணலில் கட்டளைகளைக் கேட்பதோடு நிறுத்தாமல் அந்தக் குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.