உல்லாசப் படகு ஓட்டுநர் அட்டை (கனடா)

உல்லாசப் படகு ஓட்டுநர் அட்டை என்பது, கனடாவில் பொழுதுபோக்கிற்காக மோட்டார் படகு செலுத்துவோர் பாதுகாப்பு விதிகளை அறிந்தவர்கள் என்பதற்குச் சான்றாக வழங்கப்படும், வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும் அட்டையாகும். 1999ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளால் படிப்படியாக நடைமுறைக்கு வந்த தகுதிச் சான்று முறை, 2009 செப்டம்பர் 15 முதல் எல்லா வயதினருக்கும் கட்டாயமாயிற்று. எனினும் நூனவுட், வடமேற்கு ஆட்புலங்களின் நீர்நிலைகளுக்கு இது பொருந்தாது. போக்குவரத்துத் துறையின் ஏற்பு பெற்ற பயிற்சி நிறுவனங்கள், ஆற்றின் மேல்நோக்கிச் செல்கையில் சிவப்பு மிதவையை வலப்புறம் விட்டுச் செல்லுதல், எதிர்ப்படும் படகுக்கு வழிவிடுதல், உயிர்காப்பு அங்கி அணிதல், குளிர்ந்த நீரில் விழுந்தவரின் உடல்வெப்பம் குன்றாமல் காத்தல் ஆகியவற்றைக் கற்பித்துத் தேர்வு நடத்துகின்றன. தேர்ச்சிக்கு 75 விழுக்காடு மதிப்பெண் தேவை. அட்டை பெற்றிருப்பினும், 16 வயது நிரம்பாதோர் நீர் ஸ்கூட்டர் செலுத்தலாகாது. 12 வயதுக்குட்பட்டோர் மேற்பார்வையின்றி 10 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட படகைச் செலுத்தலாகாது.