யாருக்கு முதலிடம்? – அவசரச் சிகிச்சைப் பிரிவின் வரலாறு



நள்ளிரவில் காய்ச்சலால் துவளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுகிறோம். எண் சீட்டு கிடைக்கிறது, அழைப்பு வரவில்லை. நமக்குப் பின்னால் வந்தவர் நமக்கு முன்னே உள்ளே செல்கிறார். "இது என்ன நியாயம்?" என்று உள்ளம் கொதிக்கின்றது. இக்கேள்விக்கான விடை ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றில் அடங்கியுள்ளது. அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் போர்க்களங்களில் காயமுற்ற வீரர்களின் நிலை மிகவும் இரங்கத்தக்கதாக இருந்தது. மருத்துவ வண்டிகள் படைக்குப் பல கிலோமீட்டர் பின்னால் நிற்க வேண்டும் என்பது அக்காலப் பிரெஞ்சுப் படையின் விதி. போர் ஓய்ந்த பின்னரே காயமுற்றோரைத் திரட்டுவர். அதற்குள் பலர் குருதி இழந்து மாண்டனர். தோமினிக் ழான் லாரே (1766–1842) என்னும் இளம் அறுவை மருத்துவர் 1792ஆம் ஆண்டில் இக்கொடுமையை நேரில் கண்டார். குதிரைகள் இழுக்கும் பீரங்கிகள் களத்தில் விரைந்து ஓடுவதைப் பார்த்த அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. அதே விரைவில் மருத்துவ வண்டிகளையும் ஓட்டினால் என்ன? இவ்வாறே 'பறக்கும் ஆம்புலன்ஸ்' பிறந்தது.

வண்டியைக் காட்டிலும் பெரியது அவர் வகுத்த நெறி. பதவி, தகுதி பாராமல், ஆபத்தான காயமுற்றவரையே முதலில் கவனிக்க வேண்டும் என்றார் லாரே. தளபதியின் சிறு காயம் காத்திருக்கும். கடைநிலை வீரனின் பெருங்காயம் காத்திராது. அரசர்களும் பிரபுக்களும் கோலோச்சிய காலத்தில் இது புரட்சியே அன்றோ? இவ்வாறு தரம் பிரிக்கும் முறைக்குப் பின்னாளில் 'ட்ரியாஜ்' என்ற பெயர் நிலைத்தது. 'பிரித்தெடுத்தல்' என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது.

போர்க்களத்து நெறி பொது மருத்துவமனைக்குள் முழுமையாக நுழைய நெடுங்காலம் பிடித்தது. பிரிட்டனில் 1994ஆம் ஆண்டில் மென்செஸ்டர் நகர மருத்துவர்களும் தாதியரும் கூடி ஒரு பொதுமுறையை வகுக்கத் தொடங்கினர். அதில் ஐந்து நிறங்கள் உள்ளன. சிவப்பு என்றால் உடனடிச் சிகிச்சை. ஆரஞ்சு 10 நிமிடம், மஞ்சள் 60 நிமிடம், பச்சை 120 நிமிடம், நீலம் 240 நிமிடம் என்று காத்திருக்கும் நேரம் வரையறுக்கப்பட்டது. நம் நாட்டு மருத்துவமனைகளில் நாம் காணும் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்களின் அடிப்படையும் இத்தகைய தரம் பிரித்தலே.

ஆயினும், இந்நெறியிலும் ஒரு குறை ஒளிந்திருந்தது. அதை வெளிக்கொணர்ந்தது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரிலுள்ள பிளிண்டர்ஸ் மருத்துவமனை. 2003ஆம் ஆண்டில் அதன் அவசரப் பிரிவு நெரிசலால் திணறியது. ஊழியர்கள் ஒன்றுகூடி, ஒரு நோயாளி வாசலில் நுழைந்தது முதல் வெளியேறும் வரை நடப்பவற்றைப் படிப்படியாக வரைந்து பார்த்தனர். உண்மை புலப்பட்டது. மிதமான நோயுடையவர் வரிசையில் முன்னேறும்போதெல்லாம் அவரினும் கடுமையான நோயுடைய ஒருவர் வந்து சேர்வார். முன்னவர் மீண்டும் பின்னுக்குத் தள்ளப்படுவார். இப்படிப் பலமுறை தள்ளப்பட்டுச் சலித்த சிலர், மருத்துவரைக் காணாமலேயே வீடு திரும்பினர்.

கார் உற்பத்தியில் தோயோத்தா நிறுவனம் கையாண்ட முறையிலிருந்து பாடம் கற்று, அவர்கள் அமைப்பை மாற்றினர். உயிராபத்தில் இருப்போரை முன்போலவே உடனடியாகக் கவனித்தனர். மற்றவர்களைப் பொறுத்தவரை, "இவர் சிகிச்சை பெற்று வீடு திரும்பக்கூடியவரா, வார்டில் சேர்க்கப்பட வேண்டியவரா?" என்ற கேள்வியை வாசலிலேயே எழுப்பினர். அதன்படி இரு பாதைகளை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி இடத்தையும் தனிக் குழுவையும் ஒதுக்கினர். ஒவ்வொரு பாதையிலும் வந்த வரிசைப்படியே பார்த்தனர். காத்திருக்கும் நேரம் குறைந்தது. பாதியில் வெளியேறுவோர் எண்ணிக்கையும் குறைந்தது. இவ்வனுபவத்தை அவர்கள் 2006ஆம் ஆண்டில் ஆய்விதழொன்றில் வெளியிட்டனர்.

லாரே கற்பித்த பாடம், தேவை அதிகமுள்ளவருக்கே முதலிடம் என்பது. அடிலெய்டு கற்பித்த பாடம், தேவை குறைந்தவரையும் மறந்துவிடலாகாது என்பது. இவ்விரண்டும் சேர்ந்ததே முழு நீதியாகும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இது பொருந்தும். பின்தங்கிய மாணவருக்குக் குறைநீக்கல் போதனையும் சிறந்த மாணவருக்கு வளப்படுத்தும் போதனையும் நடத்துகிறோம். இடையில் அமைதியாக அமர்ந்திருக்கும் நடுத்தர மாணவனின் முறை என்றைக்கு வரும்? அவனுக்கும் ஒரு பாதை வேண்டுமல்லவா?

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். தரம் பிரிக்கும் தாதியிடம் குழந்தையின் நிலையைத் தெளிவாகவும் முழுமையாகவும் கூறுங்கள். காத்திருக்கும்போது குழந்தை சோர்ந்தாலோ, மூச்சுத் திணறினாலோ தயங்காமல் உடனே சென்று சொல்லுங்கள். நிலைமை மாறினால் நிறமும் மாற வேண்டும். நமக்கு முன்னே ஒருவர் அழைக்கப்பட்டால், அங்கே ஓர் உயிர் ஊசலாடுகிறது என்று எண்ணிப் பொறுமை காப்போம். நாளை அந்த முதலிடம் நமக்கும் தேவைப்படலாம்.

சிந்திப்போம், செயல்படுவோம்.