ஒரே ஒரு சொல்லுக்காக நடந்த சண்டை: அணுகுண்டும் அமெரிக்க ஆயர்களும்

ஒரு கடிதம், மூணு டிராஃப்ட். மூணாவது டிராஃப்ட்ல ஒரு வினைச்சொல் மாறுது. அதைப் பார்த்து அமெரிக்க அரசாங்கம் சந்தோஷப்படுது, எழுதினவங்களுக்குத் தர்மசங்கடமாயிடுது. எழுதினவங்க கத்தோலிக்க ஆயர்கள். விஷயம் அணு ஆயுதம். வருஷம் 1983.

ஆனா இந்தக் கதையை டெக்சஸ்ல இருந்து தொடங்கணும். அந்த மாநிலத்தின் வடக்கே அமாரில்லோ என்று ஒரு ஊர். ஊருக்கு வெளியே பான்டெக்ஸ் தொழிற்சாலை. அமெரிக்க அணுகுண்டுகளுக்குக் கடைசி அசெம்பிளி அங்கேதான். வேற வேற ஊர்ல செஞ்ச பாகங்கள் இங்கே வந்துதான் முழு குண்டாகும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வர்றவங்கள்லயே சிலர், திங்கட்கிழமை அங்கே ஷிஃப்ட்டுக்குப் போறவங்க.

அந்த ஊர் ஆயர் லிராய் மத்தீசன். 1981 ஆகஸ்டில் ரீகன் அரசு நியூட்ரான் குண்டு தயாரிக்க முடிவெடுத்தது. மத்தீசன் ஒரு அறிக்கை விட்டார்: இந்தக் குண்டுகளைத் தயாரிப்பவர்கள் தாங்கள் என்ன செய்கிறோம் என்று யோசிக்க வேண்டும்; வேலையை விட்டுவிட்டு அமைதிக்கான வேறு தொழிலுக்குப் போவதைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஊரில் பலருக்குக் கோபம். வேலையை விட்டவர்கள் மிகச் சிலரே.

ஒரு இன்ஜினியரா இந்த இடம் என்னைக் கொஞ்சம் உறுத்துது. போல்ட்டை முடுக்குறவர், "பட்டனை அழுத்தப்போறது நான் இல்லையே" என்று சொல்லிக்கலாம். நாம எழுதுற கோடு கடைசியில எங்கே போய் ஓடுதுன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

சியாட்டில் பேராயர் ரேமண்ட் ஹன்ட்ஹவுசன் இன்னும் ஒரு படி மேலே போனார். அவருடைய மறைமாவட்டத்துக்குள்ளேயே ட்ரைடன்ட் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கான தளம் இருந்தது. 1982-ல் தன் வருமான வரியில் பாதியைக் கட்ட மறுத்துவிட்டார். ஒரு பேராயர் வரி கட்டலன்னா அது செய்தியாகாம இருக்குமா?

இப்படி ஆளுக்கொரு பக்கம் பேசிக்கொண்டிருந்தபோதுதான், எல்லா ஆயர்களும் சேர்ந்து ஒரே கடிதம் எழுதுவது என்று முடிவானது. ஐந்து பேர் குழு, தலைவர் ஜோசப் பெர்னார்டின். குழுவில் யாரைப் போட்டார்கள் பாருங்க. ஒருவர் தாமஸ் கம்பிள்டன், போரே கூடாது என்கிறவர். இன்னொருவர் ஜான் ஓ'கானர், கடற்படையில் பல வருஷம் சாப்ளினாக இருந்து ரியர் அட்மிரல் வரை உயர்ந்தவர். பாதுகாப்புச் செயலர் காஸ்பர் வைன்பர்கர், அவருக்கு முன்னால் அதே பதவியில் இருந்த ஹரால்ட் பிரவுன் போன்றவர்களையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

சிக்கல் எங்கேன்னா, அகுஸ்தீனார், தாமஸ் அக்வினாஸ் காலத்திலிருந்து திருச்சபைக்கு 'நீதியான போர்' என்று ஒரு கணக்கு உண்டு. போரே பாவம் என்று அது சொல்லாது. ஆனால் அப்பாவி மக்களைக் குறிவைக்கக் கூடாது, விளையும் கேடு கிடைக்கும் நன்மையை மிஞ்சக் கூடாது. அணுகுண்டு இந்த இரண்டிலும் தோற்கும். சரி, போடக் கூடாது. வெச்சுக்கிட்டு மிரட்டலாமா? 'நீ அடிச்சா நானும் அடிப்பேன்' என்ற மிரட்டலில்தானே பனிப்போர் உலகம் நின்றது. செய்யவே கூடாத ஒன்றைச் செய்வேன் என்று மிரட்டுவது சரியா? மிரட்டலை எடுத்துவிட்டால் எதிராளி சும்மா இருப்பானா?

1982 ஜூனில் இரண்டாம் ஜான் பால் ஐ.நா.வுக்கு அனுப்பிய செய்தியில், ஆயுதக் குறைப்பை நோக்கிய ஒரு படியாக இருந்தால் இப்போதைக்கு அதை ஒழுக்கரீதியாக ஏற்கலாம் என்றார். அமெரிக்க ஆயர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். கூடவே, அணுகுண்டை நாம் முதலில் போடக் கூடாது என்றார்கள். அங்கேதான் ஐரோப்பாவுக்கு இடித்தது. 1983 ஜனவரியில் ரோமில் நடந்த சந்திப்பில் ஐரோப்பிய ஆயர்களும் இருந்தார்கள். சோவியத் டாங்குகள் நிற்பது மேற்கு ஜெர்மனியின் வாசலில். 'தேவைப்பட்டா முதல்லயே போடுவோம்' என்பதுதான் நேட்டோவின் காப்பு. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அறம் பேசுவது சுலபம் என்று அவர்கள் நினைத்திருந்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

மார்ச் 8 அன்று ஆர்லாண்டோவில் இவாஞ்சலிக்கல் தலைவர்கள் முன்னால் ரீகன் பேசினார். சோவியத்தை 'தீய பேரரசு' என்று அழைத்த பேச்சு அதுதான். அணு ஆயுதங்களை அப்படியே நிறுத்தி வைக்கும் திட்டத்தை எதிர்க்கச் சொல்லி அவர்களைக் கேட்டுக்கொண்டதும் அங்கேதான். ஆக, பைபிள் ஒன்று, மேடை இரண்டு.

இப்போ அந்தச் சொல். புதிய அணு ஆயுதங்களின் சோதனை, உற்பத்தி, நிறுவுதல் ஆகியவற்றை இரு நாடுகளும் 'நிறுத்த' வேண்டும் என்றது இரண்டாவது டிராஃப்ட். ஏப்ரலில் வந்த மூன்றாவதில் அது 'கட்டுப்படுத்த' என்று மாறியது. அரசுத் தரப்பு பாராட்டியது. ஆயர்கள் பதறிப்போய், எங்களுக்கும் அரசுக்கும் இன்னும் வேறுபாடு இருக்கிறது என்று விளக்கம் கொடுத்தார்கள். மே மாதம் சிகாகோவில் கூடி, 'நிறுத்த' என்ற சொல்லையே திரும்பக் கொண்டுவந்தார்கள். மே 3, வாக்கு 238-க்கு 9.

சரி, பான்டெக்ஸ் தொழிலாளிக்கு என்ன பதில்? மனசாட்சிப்படி வேலையை விடுகிறவருக்குக் கத்தோலிக்கச் சமூகம் துணை நிற்க வேண்டும். தொடர்கிறவருக்கும், தன் வேலையைத் தொடர்ந்து எடைபோட்டுப் பார்க்கத் திருச்சபை வழிகாட்ட வேண்டும் என்கிறது கடிதம். என் கணிப்பில், இங்கே அவர்கள் மத்தீசனைவிட ஒரு படி பின்னால் போனார்கள். கொள்கை வகுக்கும் வாஷிங்டனிடம் ஒரு சொல்லுக்காக அவ்வளவு மல்லுக்கட்டியவர்கள், குண்டைக் கையில் தொடுகிறவரிடம் 'நீயே யோசி' என்றார்கள். அது இரக்கமா, தயக்கமா? இரண்டும்தான் என்று தோணுது. வீட்டுக் கடனும் பிள்ளைகள் படிப்பும் இருக்கிற ஆளிடம் 'வேலையை விடு' என்று சொல்ல 238 பேருக்கும் நா எழவில்லை.

அதே 1983 நவம்பரில் பிரெஞ்சு ஆயர்கள் அணு மிரட்டலுக்கு ஆதரவாகவே எழுதினார்கள். 1986-ல் அமெரிக்க மெதடிஸ்ட் ஆயர்கள் அதை முழுசாகவே நிராகரித்தார்கள். 2017-ல் போப் பிரான்சிஸ், வைத்திருப்பதே கண்டிக்கத்தக்கது என்றார். 'இப்போதைக்கு' என்ற சலுகை கைவிட்டுப் போக 30 வருஷத்துக்கு மேல் ஆனது.

பான்டெக்ஸ் இன்னும் ஓடுது. பனிப்போர் முடிந்த பிறகு ஆயிரக்கணக்கான குண்டுகளைப் பிரித்துப் போட்டதும் அதே தொழிற்சாலைதான். இன்றைக்கும் அங்கே பழைய குண்டுகளைப் பிரிக்கிறார்கள், மற்றவற்றைப் புதுப்பித்து ஆயுளைக் கூட்டுகிறார்கள்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.